களப்பயணம் ஒன்றைத் திட்டமிடல்: சிகிரியாவின் பூங்காக்கள்

அறிமுகம்

மாணவர்களே! வரலாறு, சித்திரம், புவியியல் ஆகிய மூன்று பாடங்களிலும் உங்களுக்கு உதவக்கூடிய ஓர் இடம் உண்டென்றால் அது சிகிரியாவாகும். ஆனால் சிகிரியாவுக்குச் சென்று வந்த மாணவரிடம் "அங்கே என்ன கண்டீர்கள்?" என்று கேட்டால் ஓவியம், சிங்கத்தின் பாதம், உச்சி என்ற மூன்று விடயங்களே விடையாகக் கிடைக்கின்றன. பாறையின் அடிவாரத்தில் அவர் நடந்து கடந்த பூங்காவைப் பற்றி ஒரு வசனமும் வருவதில்லை. உலகில் இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழைமையான பூங்கா அமைப்புகளுள் ஒன்று அதுதான். எனவே இப்பாடத்தில் பூங்காவை மையமாக வைத்து ஒரு களப்பயணத்தை எவ்வாறு திட்டமிடுவது எனப் பார்ப்போம்.

நிலத்தோற்ற வடிவமைப்பு என்றால் என்ன?

நிலம், நீர், கல், மரம், பாதை என்பவற்றை ஒரு நோக்கத்துக்காக மனிதன் ஒழுங்குபடுத்துவதே நிலத்தோற்ற வடிவமைப்பாகும். பூமரம் நடுவது அதன் ஒரு சிறு பகுதி மாத்திரமே. மழைநீர் எங்கே ஓட வேண்டும், நடந்து வருபவரின் கண் முதலில் எதைக் காண வேண்டும், நிழல் எங்கே விழ வேண்டும் என்பனவெல்லாம் இதனுள் அடங்கும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இது ஒரு பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகின்றது.

இதனை விளங்கிக்கொள்ள முதலில் எமது ஊரையே பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையே ஒடுங்கிய மணல் நிலம். பிரதான வீதியின் நடுவே பேரீச்சை மரங்கள் வரிசையாக நிற்கின்றன. வீதியின் ஓர் அந்தத்தில் நின்று பார்த்தால் அந்த வரிசை உங்கள் பார்வையை நேர்கோட்டில் இழுத்துச் செல்கின்றதல்லவா? இவ்வாறு பார்வையை வழிநடத்தும் கோட்டை அச்சு என்பர். கோட்டின் இரு மருங்கும் ஒன்றையொன்று ஒத்திருந்தால் அது சமச்சீர் எனப்படும். இவ்விரு சொற்களையும் ஊரிலேயே கற்றுக்கொண்டு பஸ் ஏறுவது நல்லது.

எப்போது செல்வது?

இதுதான் திட்டத்தின் கடினமான பகுதி. உலர் வலயத்தின் பிரதான மழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கிடைக்கின்றது. சிகிரியாவின் தடாகங்களில் நீரைக் காணவும், நீர்த்தாரைகள் இயங்குவதைக் காணவும் மழைக்காலமே ஏற்றது. ஆனால் அதே காலத்தில்தான் மன்னம்பிட்டிப் பக்கம் மகாவலி பெருக்கெடுத்து வீதி வெள்ளத்தில் மூழ்கும் அபாயமும் உண்டு. ஓகஸ்ட்டில் சென்றால் பாதை காய்ந்திருக்கும், தடாகங்களில் நீர் குறைந்திருக்கும், வெயிலும் தாங்க முடியாது. என் அபிப்பிராயத்தில் மழை ஓய்ந்து குளங்கள் நிறைந்திருக்கும் ஜனவரிக் கடைசி அல்லது பெப்ரவரி சிறந்தது. அது நோன்புடன் சேர்ந்து வருகின்றதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நோன்புடன் ஏறத்தாழ 1200 படிகள் ஏறுவது எவருக்கும் உகந்ததல்ல. வெள்ளிக்கிழமை ஜும்ஆ இருப்பதால் சனிக்கிழமையே வசதியானது.

பாதையும் நேரமும்

காத்தான்குடியிலிருந்து மட்டக்களப்பு, ஓட்டமாவடி, வெலிக்கந்தை, பொலன்னறுவை, ஹபரணை வழியாகச் சிகிரியா ஏறத்தாழ 160 கிலோமீற்றர் தூரமாகும். அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டால் சுபஹ் தொழுகையை ஓட்டமாவடியில் நிறைவேற்றிக்கொண்டு, இடையில் தேநீரும் குடித்து, 8 மணியளவில் சிகிரியாவை அடையலாம். ஹபரணையில் தம்புள்ளைப் பாதைக்குத் திரும்பி, இனாமலுவைச் சந்தியில் இடப்பக்கம் செல்ல வேண்டும்.

பொலன்னறுவை, சிகிரியா, தம்புள்ளை மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று பெற்றோரும் மாணவரும் விரும்புவது இயல்பு. கொடுத்த காசுக்கு மூன்று இடம் என்ற கணக்கு அது. ஆனால் அவ்வாறான பயணத்தில் மாணவர் பஸ்ஸின் யன்னலைத்தான் அதிகம் காண்கின்றனர். ஒரே இடம், ஒரு முழு நாள் என்பதே களப்பயணத்துக்கும் உல்லாசப் பயணத்துக்கும் உள்ள வேறுபாடாகும்.

அதிபரின் கடிதம், வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி, பெற்றோரின் சம்மதக் கடிதம், முதலுதவிப் பெட்டி என்பவற்றை ஆசிரியர் கவனித்துக்கொள்வார். உங்கள் பொறுப்பு கோடில்லாத கொப்பி, பென்சில், திசையறிகருவி, தண்ணீர்ப் போத்தல், தொப்பி. உங்கள் நடையில் 10 மீற்றருக்கு எத்தனை எட்டு என்பதையும் முதல் நாளே பாடசாலை மைதானத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நாடா இல்லாமலே தடாகத்தை அளக்க அது உதவும்.

களத்தில் அவதானிக்க வேண்டியவை

சிகிரியாவை அரணாகவும் மாளிகையாகவும் அமைத்தவன் தாதுசேனனின் மகன் முதலாம் காசியப்பன் (கி.பி. 477–495). சுற்றியுள்ள நிலத்திலிருந்து பாறை ஏறத்தாழ 200 மீற்றர் உயர்ந்து நிற்கின்றது. நாம் நுழையும் மேற்கு வாயிலிலிருந்து பாறை வரை மூன்று வகைப் பூங்காக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

முதலாவது நீர்ப்பூங்கா. வாயிலில் நின்று பாறையை நேராகப் பாருங்கள். பாதை கிழக்கு மேற்கு அச்சில் அமைந்திருக்கின்றது. வலப்பக்கம் ஒரு தடாகம் என்றால் இடப்பக்கமும் ஒரு தடாகம். ஓரிடத்தில் நடுவே ஒரு தீவு, அதைச் சுற்றி நீர், நான்கு திசையிலும் தீவுக்குச் செல்லும் பாதைகள் என நிலம் நான்காகப் பிரிக்கப்பட்டுள்ளது. இவ்வமைப்பைப் பாரசீக மொழியில் சார் பாக், அதாவது நாற்பூங்கா என்பர். முகலாயர் இதே அமைப்பைப் பெரிதும் விரும்பினர். 1632 இல் கட்டத் தொடங்கிய தாஜ்மஹாலின் முன்னுள்ள பூங்காவும் இவ்வகையினதே. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்டது சிகிரியாவின் நாற்பூங்கா என்பதை நினைவில் வையுங்கள்.

சற்று மேலே சென்றால் துளைகளிட்ட வட்டமான சுண்ணக்கல் தட்டுகளைக் காண்பீர்கள். அவையே நீர்த்தாரைகள். உயர்ந்த இடத்தில் தேங்கும் நீர் நிலத்தடிக் கால்வாய் வழியே தாழ்ந்து வருகின்றது. அதன் அமுக்கமே துளைகளின் ஊடாக நீரை மேலே தள்ளுகின்றது. விஞ்ஞானப் பாடத்தில் திரவ அமுக்கம் ஆழத்துடன் கூடும் எனக் கற்றீர்களே, அதுதான் இங்கே வேலை செய்கின்றது. பம்பி இல்லை, மின்சாரமில்லை, நல்ல மழை பெய்தால் இன்றும் இயங்குகின்றன. இங்கே பத்து நிமிடமாவது இருந்து, நீர் எங்கிருந்து வந்து எங்கே போகின்றது என்பதை அம்புக்குறி இட்டு வரையுங்கள்.

இரண்டாவது கற்பாறைப் பூங்கா. இங்கே நேர்கோடு முடிந்துவிடுகின்றது. பாதை பெரும் பாறைகளுக்கிடையே வளைந்து நெளிந்து செல்கின்றது. இயற்கை வைத்த இடத்திலேயே கற்களை விட்டுவிட்டு, அவற்றின் மீதும் அடியிலும் கட்டடங்களைப் பொருத்தியுள்ளனர். பாறைகளின் மேல் வெட்டப்பட்டிருக்கும் படிபோன்ற தழும்புகளைக் கவனியுங்கள். அவை ஏறுவதற்கான படிகள் அல்ல, செங்கற் சுவர்கள் வழுக்காமல் இருக்க வெட்டிய அத்திவாரப் பிடிகள். காசியப்பனுக்கு முன்னரே பௌத்த துறவிகள் இக்குகைகளில் வாழ்ந்தனர். மழைநீர் உள்ளே வழியாதிருக்கக் குகைவாயிலின் மேல் வெட்டிய விளிம்பு அதற்குச் சான்றாகும். நீர்ப்பூங்காவில் மனிதன் நிலத்தை மாற்றினான்; இங்கே நிலத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டான். ஒரே வளவுக்குள் இவ்விரு முறைகளும் அருகருகே இருப்பதுதான் சிகிரியாவின் சிறப்பு என நான் கருதுகின்றேன்.

மூன்றாவது பாறையின் அடியைச் சுற்றிப் படிப்படியாக உயரும் மேடைப் பூங்கா. சரிவான மண் கரையாமல் தாங்குசுவர்கள் கட்டப்பட்டுள்ளன.

இறங்கும் வழி வேறு என்பதை மறவாதீர்கள். அது தெற்குப் பக்கமாக வெளியேறுகின்றது. 'உச்சியைப் பார்த்துவிட்டு வந்து பூங்காவை ஆறுதலாகப் பார்ப்போம்' என்று போனவர்கள் பூங்காவைப் பார்ப்பதேயில்லை. ஆகவே ஏறும்போதே நீர்ப்பூங்காவுக்கு ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் ஒதுக்குங்கள். கற்பாறைப் பூங்காவுக்கு முக்கால் மணித்தியாலம் போதும். 10 மணியளவில் ஏறத் தொடங்கினால் உச்சி வெயிலுக்கு முன் மேலே போய்விடலாம். கீழே நின்று வரைந்த படத்தை உச்சியில் விரித்து மேற்கே பாருங்கள். நீர்ப்பூங்கா முழுவதும் ஒரு வரைபடம்போல் தெரியும். தவறவிட்ட தடாகத்தை அங்கே சேர்த்துக்கொள்ளலாம். உச்சியில் பாறையைக் குடைந்து அமைத்த தடாகமும் உண்டு. லுஹர் தொழுகை, சாப்பாடு முடிந்தபின் வெயில் நேரத்தை 2009 இல் திறக்கப்பட்ட நூதனசாலையில் செலவிடலாம்.

ஒழுக்கம்

ஓவியங்களைப் படம் பிடிக்கத் தடை உண்டு. பாறையில் பெருந்தேனீக்கள் கூடு கட்டியிருப்பதால் கூச்சலிடக் கூடாது. கண்ணாடிச் சுவரில் எவரும் கை வைக்கக் கூடாது. அச்சுவரில் பண்டைய பார்வையாளர் எழுதிய பாடல்களுள் 685 ஐப் பேராசிரியர் பரணவிதான 1956 இல் நூலாக வெளியிட்டார். 'அவர்கள் எழுதியது இலக்கியம், நாங்கள் எழுதினால் குற்றமா?' என ஒரு மாணவர் கேட்பார். அச்சுவர் இன்று சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட தொல்பொருள் என்பதே அதற்கான விடை. 2015 இல் சுற்றுலா சென்ற ஓர் இளம் பெண் அதில் தன் பெயரைக் கீறியதற்காக இரண்டு வருடச் சிறைத்தண்டனை பெற்றார். பின்னர் ஜனாதிபதியின் மன்னிப்பில் விடுதலையானார். ஒரு தலையூசி போதும் இதற்கு. பஸ் புறப்படுமுன் இதனை எல்லோருக்கும் சொல்லுங்கள்.

விடை எழுதும் முறை

"சிகிரியா மிகவும் அழகான இடம். அங்கே தடாகங்கள் உள்ளன" என எழுதுவது போகாமலே எழுதக்கூடிய விடை. "நீர்ப்பூங்கா கிழக்கு மேற்கு அச்சின் இரு மருங்கிலும் சமச்சீராக அமைக்கப்பட்டுள்ளது. நீர் புவியீர்ப்பினால் நிலத்தடிக் கால்வாய்களில் ஓடி, துளையிட்ட சுண்ணக்கற்களின் ஊடாக அமுக்கத்தினால் வெளியேறுகின்றது. கற்பாறைப் பூங்கா இதற்கு மாறாகச் சமச்சீரற்றது" என எழுதினால் அமைப்பு, காரணம், ஒப்பீடு மூன்றும் வந்துவிடுகின்றன. சிகிரியா 1982 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது என்பதையும் பொருத்தமான இடத்தில் சேர்க்கலாம். அதை மாத்திரம் எழுதிவிட்டு விடையை முடிக்க வேண்டாம்.

பயிற்சி

1. நீர்ப்பூங்காவுக்கும் கற்பாறைப் பூங்காவுக்கும் இடையிலான மூன்று வேறுபாடுகளை உதாரணங்களுடன் விளக்குக.

2. சிகிரியாவின் நீர்த்தாரை இயங்கும் விதத்தைப் பெயரிட்ட படத்தின் உதவியுடன் விவரிக்குக.

3. பிரதான வீதியிலிருந்து வாவிக்கரை வரை நடந்து, உங்கள் ஒழுங்கையில் மழைநீர் ஓடும் திசையை ஒரு பருமட்டான படத்தில் குறிக்குக. நீர் தேங்கும் ஓரிடத்தைத் தெரிவுசெய்து, அங்கே நிலத்தை எவ்வாறு மாற்றியமைப்பீர் எனக் காரணத்துடன் எழுதுக. (இதற்குப் பஸ் தேவையில்லை. அடுத்த மழையன்று குடையுடன் போனால் போதும்.)