பாடினால் நோய் ஆறுமா?

– பத்தாம் வகுப்பு மாணவி

திருச்சியில் இசை கேளாத நாளே இல்லை எனலாம். மார்கழி விடியலில் ஸ்ரீரங்கத்து வீதிகளில் திருப்பாவை ஒலிக்கிறது. டிசம்பர் இரவுகளில் பாலக்கரையிலும் மேலப்புதூரிலும் கிறிஸ்து பிறப்புப் பாடல்களைப் பாடிக்கொண்டு வீடு வீடாகச் செல்கிறார்கள். இசை செவிக்கு இன்பம் தரும் என்பதை அனைவரும் அறிவோம். அது நோயையும் துயரையும் ஆற்றும் என்கிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை? இக்கட்டுரையில் அதனைச் சிறிது ஆராய்வோம்.

நம் முன்னோர் இதனை ஏட்டில் படித்து அறியவில்லை. 'தால்' என்றால் நாக்கு. தாய் தன் நாவை அசைத்துப் பாடுவது தாலாட்டு. அதனைக் கேட்டுக் குழந்தை உறங்குகிறது. பகலெல்லாம் உழைத்த தாயின் மனமும் அமைதி அடைகிறது. நாற்று நடும் பெண்கள், ஒருத்தி பாட மற்றவர் ஏற்றுப் பாடி, இடுப்பு வலியை மறக்கிறார்கள். இறப்பு நேர்ந்த வீட்டில் வைக்கும் ஒப்பாரியும் பாட்டுத்தான். தொண்டையை அடைக்கும் துக்கம் அதன் வழியே வெளியேறுகிறது. இம்மூன்றிலும் பாடுகிறவருக்கும் ஆறுதல் கிடைக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

மருத்துவமும் இசையும் ஒரே மனிதரிடம் கூடியிருந்ததற்குத் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) சான்று. தென்காசிக்கு அருகில் சாம்பவர்வடகரையில் பிறந்த கிறிஸ்தவரான இவர், சித்த மருத்துவராகப் புகழ் பெற்றவர். மருத்துவத்தால் ஈட்டிய பொருளை இசை ஆராய்ச்சிக்குச் செலவிட்டார். 1912 முதல் தஞ்சையில் இசை மாநாடுகளைக் கூட்டினார். 1916இல் பரோடாவில் நடந்த மாநாட்டில் அவருடைய கருத்துகளை வீணை இசைத்தும் பாடியும் விளக்கியவர்கள் அவருடைய புதல்வியர் என்பது மாணவிகளாகிய நமக்குப் பெருமை. 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். இசையை இத்தனை நேசித்தும் அவர் மருத்துவத்தைக் கைவிடவில்லை. நாமும் பாட்டை மருந்துக்குத் துணையாகவே கொள்ள வேண்டும்.

பாடும்போது உடலில் என்ன நிகழ்கிறது? மூச்சை விரைவாக இழுத்து, ஓர் அடி முடியும்வரை மெல்ல விடுகிறோம். இவ்வாறு நீண்டு வெளியேறும் மூச்சு நாடித் துடிப்பைத் தணிக்கிறது. சுவீடன் நாட்டுக் கோதன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சேர்ந்து பாடியவர்களின் இதயத் துடிப்பு ஒன்றாகவே விரைந்தும் தணிந்தும் சென்றதை 2013இல் வெளியிட்டனர். எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்து விடுவதே இதற்குக் காரணம்.

இதனினும் வியப்பானது ஒன்று உண்டு. பக்கவாதத்தால் பேச்சை இழந்தவர்களுள் சிலர், பேச இயலாத நிலையிலும் பாடுவார்கள். எங்கள் அம்மாச்சிக்கு அப்படித்தான் நேர்ந்தது. வலக்கை விழுந்துவிட்டது, 'தண்ணீர்' என்று கேட்கவும் வாய் வரவில்லை. அவர்கள் கண்கலங்குவதைப் பார்க்க எங்களுக்குப் பொறுக்கவில்லை. ஓர் இரவு குடும்ப செபத்தின் முடிவில் மாதா பாட்டு ஒன்றைத் தொடங்கினோம். அம்மாச்சியும் சேர்ந்து இரண்டு அடிகளைச் சொல் தவறாமல் பாடினார்கள்!

மருத்துவர் காரணத்தை விளக்கினார். பெரும்பாலோருக்குப் பேச்சை ஆள்வது மூளையின் இடப்பகுதி. பாடுவதில் வலப்பகுதிக்கும் பெரும் பங்கு உண்டு. ஆகவே இடப்பகுதி பழுதுற்றாலும் பாட்டு எஞ்சியிருக்கக் கூடும். 1973இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் இதனைக் கொண்டே ஒரு பயிற்சி முறையை வெளியிட்டனர். வேண்டிய சொற்றொடரை ஏற்றியும் இறக்கியும் ராகமாக இழுத்துச் சொல்லி, ஒவ்வோர் அசைக்கும் இடக்கையால் தட்ட வேண்டும். பேச்சுப் பயிற்சி தரும் அம்மையார் சொல்லித்தந்தபடி, அம்மா நாள்தோறும் 'தண்ணி வேணும்' என்று பாடிக் காட்டினார்கள். மூன்று மாதம் சென்றது. இன்று அம்மாச்சியால் ஐந்தாறு தேவைகளைக் கேட்க முடிகிறது. பழைய பேச்சு திரும்பவில்லை. ஆனால் தாகத்தோடு வாயடைத்துப் படுத்திருக்கும் துன்பம் நீங்கிற்று.

தோழியரே! குரல் நன்றாக இல்லை என்று காலை வழிபாட்டில் உதட்டை மட்டும் அசைப்பவர்கள் நம்மில் பலர். மூச்சும் இதயமும் குரலின் இனிமையைப் பார்ப்பதில்லை. வாய் திறந்து பாடுங்கள். வீட்டில் முதியவர்கள் இருந்தால், அவர்கள் இளமையில் பாடிய பாட்டுகளைக் கேட்டு இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். பின்னொரு நாள் அவர்களுக்குச் சொல் வராதபோது, முதல் அடியை எடுத்துக் கொடுக்க நம்மில் ஒருத்திக்காவது அந்தப் பாட்டுத் தெரிந்திருக்க வேண்டும்.