48 கட்டங்களில் ஒரு களஞ்சியம்

கடை நடத்துபவர் எவருக்கும் இடப்பற்றாக்குறை புதிய விடயமல்ல. வாடகை ஏறும். றாக்கை நிறைந்து வழியும். அவசியம் எடுக்க வேண்டிய பண்டம் லொறியில் வந்து வாசலில் நிற்கும், உள்ளே வைக்க இடம் இராது. இதே பிரச்சினையைக் கடலுக்கடியில் வைத்துக் கற்றுத்தரும் ஒரு கணினி விளையாட்டைப் பற்றி இவ்வாரம் எழுதுகிறேன். வர்த்தகப் பக்கத்தில் விளையாட்டா என்று முகம் சுளிக்கும் மூத்த வாசகர்கள் சற்றுப் பொறுமையாக வாசிக்கவும். விளையாடும் பிள்ளைகள் வாசித்துவிட்டு வாப்பாவிடமும் காட்டலாம்.

விளையாட்டின் பெயர் சப்நாட்டிக்கா. அமெரிக்காவின் அன்நோன் வேர்ல்ட்ஸ் நிறுவனம் உருவாக்கியது. 2014 டிசம்பரில் அரைகுறை நிலையிலேயே விற்பனைக்கு வந்து, வாங்கியவர்களின் அபிப்பிராயங்களைக் கேட்டுக் கேட்டுத் திருத்தப்பட்டு, 2018 ஜனவரியில் முழுமையாக வெளியானது. அரோரா என்ற விண்கலம் முழுவதும் கடல் சூழ்ந்த ஒரு கிரகத்தில் விழுந்து விடுகிறது. சிறியதோர் உயிர்காப்புக் கூட்டில் தப்பியவர் நாம். மீன் பிடித்து, குடிநீர் தேடி, கடலடியில் கிடைக்கும் உலோகங்களைப் பொறுக்கிக் கருவிகள் செய்து உயிர் தப்ப வேண்டும். துப்பாக்கிகள் இதில் இல்லை. 2012 டிசம்பரில் அமெரிக்காவின் சேண்டி ஹுக் பாடசாலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பின்னர், தனது விளையாட்டில் துப்பாக்கி இருக்கக் கூடாதென அதன் இயக்குநர் சார்லி கிளீவ்லண்ட் முடிவெடுத்தார். பெற்றோருக்காகவே இதைச் சொல்லி வைக்கிறேன்.

இனி நமது விடயத்துக்கு வருவோம். விளையாடுபவரின் பையில் 48 கட்டங்கள் உள்ளன. குறுக்கே 6, நெடுக்கே 8. அவ்வளவுதான். காசு கொடுத்துப் பெரிய பை வாங்க வழியில்லை. அதைவிடக் கடினமான விதி ஒன்றும் உண்டு. ஒரே வகைப் பொருளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க முடியாது. சுவீடனில் உருவான ராஃப்ட் என்ற இன்னொரு கடல் விளையாட்டில் பலகைகளை ஒரே கட்டத்தில் இருபது வரை அடுக்கலாம். இங்கே பத்து டைட்டேனியத் துண்டுகளுக்குப் பத்துக் கட்டங்கள் போய்விடும். பெரிய பொருளுக்கு இன்னும் அதிகம். நீந்துவதற்கு உதவும் சீகிளைட் என்ற கைக்கருவி மட்டும் 6 கட்டங்களைப் பிடித்துக்கொள்ளும். முதுகில் மாட்டிய ஒட்சிசன் கலனும் காலில் அணிந்த செட்டையும் பைக்கணக்கில் வரா. ஆனால் கத்தி, ஸ்கேனர், திருத்தும் கருவி, கட்டடக் கருவி, இரண்டு போத்தல் தண்ணீர் என்று வைத்துக்கொண்டு புறப்பட்டால், ஒரு கல்லைக் கூடப் பொறுக்குவதற்கு முன்னரே பையில் கால்வாசி போய்விடும்.

இந்தக் கால்வாசியைத்தான் நான் முதலில் கவனித்தேன். கடையிலும் மேசை, தராசு, கல்லாப்பெட்டி, தையல் இயந்திரம் ஆகியன இடம் பிடிக்கின்றன. அவற்றை விற்க முடியாது, ஆனாலும் அவை நிற்கும் சதுர அடிக்கும் வாடகை உண்டு. ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கும் எந்தக் கருவி தேவை என்று பார்த்து மற்றதை வைத்துவிட்டுப் போவதே இடம் சேமிக்கும் முதல் வழி. உலோகம் பொறுக்கப் போகும் நாளில் கட்டடக் கருவி எதற்கு?

அடுத்தது, எதை எடுப்பது, எதை விடுவது என்ற கேள்வி. புதிதாக ஆடுபவர் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். ஆழங்குறைந்த பகுதியில் சுண்ணாம்புக் கற்கள் நிறைய உண்டு. உடைத்தால் டைட்டேனியமோ செம்போ விழும். ஆரம்பத்தில் பெரும்பாலும் செம்புதான் அவசரத் தேவையாக இருக்கும். செம்பு தேடி உடைக்க உடைக்க டைட்டேனியமே வந்து விழும். கையில் வந்ததை விட மனம் வராமல் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொள்வார்கள். கடைசியில் செம்பு விழும்போது பை நிறைந்திருக்கும். கையிலுள்ள மூச்சோ, கலன் இல்லாவிட்டால் 45 விநாடி, சாதாரணக் கலனுடன் 75 விநாடி. நடுக்கடலில் நின்று எதைக் கொட்டுவது என்று யோசிக்க அவகாசம் ஏது?

உடைத்த கல்லிலிருந்து விழுவதை எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அது கடலடியிலேயே கிடக்கும். வீட்டு வாசலில் கிடக்கும் பொருளுக்குக் கடல்தான் களஞ்சியம், அதற்கு வாடகையும் கிடையாது. தூரத்திலிருந்து வரும் பொருளுக்கே பையில் முதலிடம். உதாரணமாக நிக்கல் கிடைப்பது லொஸ்ட் ரிவர் எனும் ஆழ்கடல் ஆற்றில். கயனைட் அதற்கும் கீழே, எரிமலைப் பகுதியில். அங்கே போய்த் திரும்புவது பெரிய பயணம். அப்படிப்பட்ட இடத்துக்கு டைட்டேனியத்தை நிரப்பிக்கொண்டு போய், இடமில்லாமல் நிக்கலை விட்டுவிட்டு வருபவரை என்னவென்று சொல்வது?

எனது மருமகனிடம், அதாவது தங்கையின் மகனிடம், இதைக் கேட்டேன். உயர்தரம் முடித்துவிட்டு வாப்பாவின் கடையில் நிற்கும் பையன். "ஏன் மகன், அந்தக் கல்லையெல்லாம் தூக்கிக்கொண்டு திரியிற?" என்றேன். "பிறகு தேவைப்பட்டா என்ன செய்யிற மாமா?" என்று பதில் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுடைய வாப்பாவின் கடைப் பின்னறையில் ஆறு வருடங்களாக உறை பிரிக்காமல் கிடக்கும் திரைச்சீலைத் துணிக்கும் இதே பதில்தான். "பிறகு தேவைப்படும்." அந்த அறைக்கு மாதாமாதம் வாடகை போகிறது. துணியில் முடங்கிய பணத்துக்குப் பெருநாள் சீசனில் புதுச் சரக்கு வாங்கியிருக்கலாம். வாங்க முடியாமல் கடனுக்குப் போனார்கள். பையனுக்கு அந்தக் கடன் தெரியும். அது திரைச்சீலையிலிருந்து தொடங்கியது என்பது அன்றுதான் விளங்கியது.

பயம்தான் மனிதனைச் சேமிக்க வைக்கிறது என்பதை 2022இல் நாமெல்லோரும் பார்த்தோம். மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. கிடைத்ததை வாங்கிக் குவித்தவர் பலர். ஓடும் சரக்கை வாங்கியவர் தப்பினார். எதுவென்றாலும் பரவாயில்லை என்று இடத்தை நிரப்பியவர், பின்னர் ஓடும் சரக்கு வந்தபோது வைக்க இடமும் வாங்கப் பணமும் இல்லாமல் நின்றார்.

சரி, கடலுக்குத் திரும்புவோம். ஒரு கட்டத்துக்கு என்ன பயன் என்று கணக்குப் பார்க்கப் பழகினால் பல கேள்விகள் தாமாகவே தீரும். பிளாடர்ஃபிஷ் என்ற மீனிலிருந்து வடிக்கும் தண்ணீர்ப் போத்தல் ஒன்று 20 அலகு தாகம் தீர்க்கும். பிளீச்சினால் சுத்திகரித்த தண்ணீர் 30 அலகு. இரண்டும் பிடிப்பது ஒரே அளவு இடம். சமைத்த பீப்பர் மீன் 32 அலகு பசி தீர்க்கும், ரெஜினல்ட் மீன் 44. தூரப் பயணத்துக்கு எதை எடுப்பது என்று இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் உணவில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. சமைத்த மீன் நேரம் போகப் போகப் பழுதாகும். உப்பிட்ட கருவாடு பழுதாகாது, ஆனால் தின்றால் தாகம் எடுக்கும், அதற்கு இன்னொரு கட்டத்தில் தண்ணீர் வேண்டும். உயிருடன் பிடித்த மீனோ பையிலேயே கிடந்தாலும் பழுதாவதில்லை. அதனால் தெரிந்தவர்கள் மீனை உயிருடன் வைத்திருந்து, பசிக்கும்போது சமைக்கிறார்கள். இதைவிடச் சிறந்தது கடலடி வீட்டில் பாத்தி அமைத்து மார்பிள்மெலன் பயிரிடுவது. அந்தப் பழத்தைக் கத்தியால் வெட்டினால் நான்கு விதைகள் கிடைக்கும், மீண்டும் நடலாம். உணவு பாத்தியில் விளைந்துகொண்டிருக்க, லொக்கர்கள் வேறு சரக்குக்கு மிஞ்சும்.

மூலப்பொருளாக வைப்பதா, செய்பொருளாக்கி வைப்பதா என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு செம்பும் இரண்டு அமிலக் காளான்களும் சேர்ந்தால் ஒரு பெட்டரி. மூன்று கட்டம் ஒன்றாகிவிடும். இரண்டு குவார்ட்ஸ் படிகம் ஒரு கண்ணாடியாகும். பத்து டைட்டேனியத்தை ஒரு கட்டியாக்கினால் பத்துக் கட்டத்தை விடக் குறைந்த இடமே போதும். அப்படியானால் வந்தவுடன் எல்லாவற்றையும் செய்பொருளாக்கி விடலாமே என்று தோன்றும். அவசரப்படக் கூடாது. பெட்டரியாகிய செம்பு மீண்டும் செம்பாகாது. நாளை செம்புக் கம்பி தேவைப்பட்டால் பெட்டரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

துணிக்கடைக்காரருக்கு இது நன்றாக விளங்கும். சுருட்டுத் துணியாக இருக்கும் வரை அது சட்டையாகலாம், சிறுபிள்ளையின் கவுணாகலாம், தலையணை உறையுமாகலாம். நாற்பதாம் இலக்கச் சட்டையாக வெட்டித் தைத்த பிறகு நாற்பதாம் இலக்க மனிதர் வந்தால்தான் போகும். ஆகவே எவ்வளவு தேவை என்று நிச்சயமாகத் தெரிந்த அளவுக்கு மட்டும் செய்பொருளாக்கி, மிகுதியை மூலப்பொருளாக விடுவதே என் கட்சி. சீமொத் என்ற சிறு நீர்மூழ்கி செய்ய ஒரு டைட்டேனியக் கட்டி, ஒரு பவர் செல், இரண்டு கண்ணாடி, ஒரு மசகு எண்ணெய், ஒரு ஈயம் தேவை. அடுத்த வேலை சீமொத் என்று முடிவாகிவிட்டால் இவற்றைச் செய்து வைக்கலாம்.

லொக்கர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுவரில் மாட்டும் லொக்கருக்கு 2 டைட்டேனியம்தான் செலவு, 30 கட்டங்கள் கிடைக்கும். நிற்கும் பெரிய லொக்கரில் 48 கட்டங்கள். பெரியதே நல்லது என்று ஓடுவார்கள். ஆனால் சுவர் லொக்கரில் பெயர் எழுதலாம். செம்பு, ஈயம், கண்ணாடி என்று எழுதி மாட்டிய ஆறு சிறு லொக்கர்கள், பெயரில்லாத நான்கு பெரிய லொக்கர்களை விட வேகமாக வேலை செய்யும். என்ன இருக்கிறது என்று தெரியாத சரக்கை மனிதன் மீண்டும் வாங்குவான். அல்லது மீண்டும் கடலுக்குள் போவான்.

இன்னொன்று, ஃபேப்ரிகேட்டர் எனும் தயாரிப்பு இயந்திரம் லொக்கரிலுள்ளதை எடுக்காது. பையில் இருப்பதை மட்டுமே எடுக்கும். எனவே அடிக்கடி தேவைப்படும் உலோகங்களின் லொக்கர் இயந்திரத்தின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கையிலுள்ள கருவிகளை ஒரு லொக்கரில் இறக்கி வைத்துவிட்டுத்தான் தயாரிப்பைத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் செய்த பொருளை வைக்கப் பையில் இடமிராது.

ஸ்கேனரைப் பற்றி ஒரு வரி. உடைந்த கருவிகளின் துண்டுகளை ஸ்கேன் செய்து அவற்றைச் செய்யும் முறையைக் கற்றுக்கொள்ளலாம். அந்த அறிவு பையில் ஒரு கட்டத்தையும் பிடிப்பதில்லை. பை நிறைந்துவிட்டால் உடனே திரும்பாமல், மூச்சிருக்கும் வரை ஸ்கேன் செய்துவிட்டுத் திரும்பலாம்.

சீமொத் கிடைத்த பின்னர் சரக்கு ஏற்றுவது இலகுவாகும் என்று எல்லோரும் காத்திருப்பார்கள். அதிலும் ஒரு பிடி இருக்கிறது. அதில் மேலதிகப் பாகங்கள் பொருத்த நான்கு இடங்களே உண்டு. களஞ்சியப் பாகம் ஒன்று 16 கட்டம் தரும். நான்கையும் களஞ்சியமாக்கினால் 64 கட்டம். ஆனால் வெறும் சீமொத் 200 மீற்றருக்குக் கீழே போகாது. ஆழம் போக வேண்டுமென்றால் ஓரிடத்தை ஆழப் பாகத்துக்குக் கொடுத்தாக வேண்டும், அது படிப்படியாக 900 மீற்றர் வரை கொண்டுபோகும். பெறுமதியான சரக்கு ஆழத்தில்தான் கிடக்கிறது. 64 கட்டம் வைத்துக்கொண்டு மேலே சுற்றுவதை விட, 48 கட்டத்துடன் கீழே போவதையே நான் தெரிவு செய்வேன். வாகனத்தைப் பெரிதாக வாங்கிவிட்டு, சரக்கு இருக்கும் ஊருக்குப் போக எரிபொருளுக்குக் காசில்லாமல் நிற்கும் வியாபாரிகளையும் கண்டிருக்கிறோம்.

அடுத்து வருவது சைக்குளொப்ஸ், பெரிய நீர்மூழ்கி. உள்ளே வீட்டைப் போலவே லொக்கர்கள் கட்டலாம். ஆறு பவர் செல்களில் ஓடும் நகரும் களஞ்சியம். இடம் கிடைத்த மகிழ்ச்சியில் வீட்டிலிருந்த எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிடுவோர் உண்டு. ஆனால் அதன் இரைச்சல் கேட்டு இராட்சத மிருகங்கள் வரும், கவனம் தவறினால் அது அழிந்துபோகும். எனது மருமகன் இப்போது அதில் ஒரு பயணத்துக்குத் தேவையானதையும் திரும்பி வர வேண்டிய உணவையும் மட்டுமே ஏற்றுகிறான். மிகுதி கடலடி வீட்டில். நான்கு லொக்கர்கள் வேண்டுமென்றே காலியாகப் போகின்றன, நிக்கலுக்காக.