பழைய மேசை விளக்கைப் புதிதாக்குவோம்



1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறிய சொந்தக்காரர் நம்மில் பலருக்கும் உண்டு. 1990களில் வன்னியில் கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் கட்டுப்பாடு. ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெயும் திரியும் வைத்து, அந்த வெளிச்சத்திலேதான் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். 2009இல் போர் முடிந்த பின்பே படிப்படியாக மின்சாரம் வந்தது.

இருப்பதை வீசாமல் பயன்படுத்தும் அந்தப் பழக்கம் நமக்கும் நல்லது. ஆனால் அழகுக்கு முன் பாதுகாப்பு. லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த தீ அடுத்த காம்பராவுக்குத் தாவ அதிக நேரம் ஆகாது.

செய்யும் முறை

1. முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். வயர் வெடித்திருந்தாலும் ஹோல்டர் கருகியிருந்தாலும் டேப் சுற்றிச் சமாளிக்க வேண்டாம். தொழில் தெரிந்தவரைக் கொண்டு புதிதாக மாற்றுங்கள்.

2. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். அதனால் விளக்கின் அடிப்பாகத்தை வயரில் தண்ணீர் படாமல் நனைத்து, சாண்ட் பேப்பரால் தேயுங்கள். ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் வரக்கூடாது.

3. எனாமல் பெயின்ட்டை மெல்லிசாக இரண்டு தடவை பூசுங்கள். முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. ஹோல்டரில் பெயின்ட் படக்கூடாது. அடுப்பு எரியும் இடத்தில் பூசாமல் இஸ்தோப்பிலே வைத்துப் பூசுங்கள்.

4. கூட்டில் கிழிந்த துணியை எடுத்துவிட்டு, பழைய பருத்திச் சேலைத் துண்டைக் கம்பியோடு சேர்த்துத் தையுங்கள். நைலோன் சூட்டில் உருகும், வேண்டாம். மேலும் கீழும் திறந்திருந்தால்தான் சூடு வெளியேறும். துணிக்கும் பல்புக்கும் நாலு விரல் இடைவெளியாவது இருக்கட்டும்.

5. பழைய 60 வாட் குண்டு பல்ப் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே போகிறது. 5 அல்லது 7 வாட் எல்.ஈ.டி. பல்ப் போடுங்கள். கரண்ட் பில்லும் குறையும்.

எண்ணெய் விளக்கு வைத்திருப்போருக்கு

மண்ணெண்ணெய் விளக்குக்குத் துணிக்கூடு ஒருபோதும் போடாதீர்கள். உயரமான, லேசான போத்தலில் விளக்கு செய்வதும் ஆபத்து. சாய்ந்தால் எண்ணெய் கொட்டித் தீப்பிடிக்கும். இப்படிச் சுட்டுக்கொண்டு வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்த சத்திரசிகிச்சை வைத்தியர் விஜய கொடகும்புர, 1992இல் ‘சுதீப’ என்ற விளக்கை அமைத்தார். குட்டையான மார்மைட் போத்தலைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்ததாம். கனமான கண்ணாடி, உருளாதபடி இரண்டு பக்கம் தட்டை, திருகி மூடும் உலோக மூடி. இவ்வளவுதான். இதற்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

யாருக்காவது சுட்டுவிட்டால், காயத்தின் மேல் 20 நிமிடம் சாதாரணக் குளிர்ந்த தண்ணீரை ஓடவிடுங்கள். பற்பசையோ எண்ணெயோ பூசாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டு விளக்கை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வயர், பல்ப், துணி மூன்றும் சரியென்றால் பிள்ளை அதன் கீழ் நிம்மதியாகப் படிக்கலாம்.