பிக்கப் டிரக்கும் ஐந்தாம் சக்கர டிரெய்லரும்: எடைப் பொருத்தம் காணும் முறை

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் விடுமுறைக் காலங்களில் வீட்டையே உடன் இழுத்துக்கொண்டு பிரயாணம் செய்யும் குடும்பங்கள் பல உண்டு. படுக்கையறை, சமையலறை, குளியலறை, தண்ணீர்த் தொட்டி ஆகிய யாவும் அமைந்த நீண்ட டிரெய்லர், பிக்கப் டிரக்குடன் இணைக்கப்பட்டு நெடுஞ்சாலையில் செல்லும். இவற்றுள் மிகப் பெரியவை 'ஐந்தாம் சக்கர' வகையைச் சேர்ந்தவை. பொருள்கள் நிரம்பிய நிலையில் அவற்றுட் பல 5,000 கிலோகிராமுக்கு மேல் எடையுள்ளவை.

இவ்வளவு எடையை எந்த டிரக் இழுக்கலாம் என்பதை, விளம்பரத்திற் காணும் ஒரே ஓர் எண்ணைக் கொண்டு முடிவு செய்வோர் பலர். அந்த எண் பொய்யன்று. ஆயினும் அது முழு விடையன்று. ஒரு வண்டியின் இழுக்கும் திறன் வேறு. தாங்கும் திறன் வேறு. ஐந்தாம் சக்கர டிரெய்லரைப் பொறுத்தவரை, பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோவது தாங்கும் திறனேயாகும். இதனைக் கணக்கிட்டு அறியும் முறை இங்கு விளக்கப்படுகிறது.

ஐந்தாம் சக்கரம் என்பது யாது?

நான்கு சக்கரக் குதிரை வண்டிகளில் முன்னச்சு இடமும் வலமும் திரும்புவதற்காக, அதன்மேல் கிடையாக ஒரு வளையம் பொருத்தப்பட்டிருந்தது. அவ்வளையமே 'ஐந்தாம் சக்கரம்' எனப் பெயர் பெற்றது. மோட்டார் யுகம் பிறந்தபின் அப்பெயர் லாரிகளுக்கு வந்தது. 1914-ஆம் ஆண்டில் டெட்ராயிட் நகரத்துக் கொல்லரான ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்பவர், மர வியாபாரி ஒருவரின் படகை ஃபோர்டு காரின் பின்னே இழுத்துச் செல்வதற்காக ஒரு டிரெய்லரைச் செய்து கொடுத்தார். முன்பாகம் இழுக்கும் வண்டியின்மீது சார்ந்தும், பின்பாகம் தன் சொந்தச் சக்கரங்களின்மீது நின்றும் செல்லும் அரை டிரெய்லரின் வளர்ச்சியில் இது ஒரு முக்கியமான படியாகும்.

இன்றைய அமைப்பில், டிரெய்லரின் முன்பகுதியிலிருந்து கீழ்நோக்கி ஓர் எஃகு முளை நீண்டிருக்கும். அது டிரக்கின் சுமைத்தட்டிற் பொருத்தப்பட்டுள்ள பிளவுபட்ட தட்டினுட் புகுந்து பூட்டிக்கொள்ளும். இந்தியத் துறைமுகங்களிலிருந்து சரக்குப் பெட்டகங்களை ஏற்றிச் செல்லும் நீண்ட டிரெய்லர் லாரிகளிலும் இதே தத்துவத்தைக் காணலாம்.

முளையின்மீது விழும் எடை

சாதாரண டிரெய்லர் டிரக்கின் பின்முனைக்கு அப்பால் இணைக்கப்படுகிறது. அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இணைப்பின்மீது விழுகிறது. அவ்வெடை பின்னச்சைத் தாண்டி விழுவதால், நெம்புகோல் விதிப்படி முன்சக்கரங்கள் சிறிது மேலே தூக்கப்படுகின்றன. ஐந்தாம் சக்கர வகையிலோ முளை பின்னச்சுக்கு நேர் மேலாகவோ, சற்று முன்னாகவோ அமைகிறது. ஆதலால் முன்சக்கரங்கள் சாலையை விட்டு எழ முற்படுவதில்லை. டிரெய்லர் பக்கவாட்டில் ஆடுவதும் குறைகிறது. இந்த நன்மைக்கு ஈடாக, டிரெய்லர் எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை டிரக்கின்மீது ஏறுகிறது. அதில் ஏறத்தாழ முழுவதையும் பின்னச்சே தாங்க வேண்டும்.

முளையிலிருந்து டிரெய்லரின் அச்சுக்களின் நடுப்பகுதி வரை 7.5 மீட்டர் தூரம் என்றும், டிரெய்லரின் ஈர்ப்பு மையம் அச்சுக்களுக்கு 1.5 மீட்டர் முன்னால் உள்ளது என்றும் கொள்வோம். 1.5-ஐ 7.5-ஆல் வகுக்க 0.2 வரும், அதாவது எடையில் 20 சதவீதம் முளையின்மீது விழும். அச்சுக்களுக்கு 3 மீட்டர் முன்னாலுள்ள தொட்டியில் 400 லிட்டர் தண்ணீர் நிரப்பப்படுமானால், அதன் 400 கிலோகிராமில் 160 கிலோகிராம் டிரக்கின்மீது சேரும். பொருளை எங்கே வைக்கிறோம் என்பதும் எடைக் கணக்கின் ஒரு பகுதியே என்பது இதனால் விளங்கும்.

விளம்பர எண் கூறாதது

முற்காலத்தில் ஒவ்வோர் உற்பத்தியாளரும் தத்தம் முறைப்படி இழுதிறனைக் கணித்து வந்தனர். 2008-ஆம் ஆண்டில் அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் 'ஜே 2807' என்னும் பொதுத் தரமுறையை வெளியிட்டது. அரிசோனா மாநிலத்தில் டேவிஸ் அணைக்கருகே தொடங்கும் சுமார் 18 கிலோமீட்டர் நீளமான ஏற்றத்தில், கடும் வெயிலில், குளிர்சாதனம் இயங்க, குறிப்பிட்ட வேகத்திற்குக் குறையாமல் டிரக் ஏறவேண்டும் என்பது அதன் சோதனைகளுள் ஒன்று.

இத்தரமுறை சிறந்ததே. ஆயின் அதற்குச் சில அனுமானங்கள் உண்டு. டிரக்கில் தலா 68 கிலோகிராம் எடையுள்ள இருவர் மட்டுமே அமர்ந்திருப்பதாகவும், டிரெய்லர் எடையில் 15 சதவீதம் மட்டுமே முளையின்மீது விழுவதாகவும் அது கொள்கிறது. நால்வர் அடங்கிய குடும்பமும், 20 சதவீத முளை எடையும் அந்த எண்ணில் அடங்கவில்லை.

ஓர் உதாரணம்

ஒரு டிரக்கின் வெற்று எடை 3,000 கிலோகிராம். அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 4,500 கிலோகிராம். எனவே அதன் சுமைத்திறன் 1,500 கிலோகிராம். விளம்பரத்தில் அதன் இழுதிறன் 8,000 கிலோகிராம் எனக் காணப்படுகிறது. வாங்க விரும்பும் டிரெய்லரோ, முழுச் சுமையுடன் 6,400 கிலோகிராம் எடையுள்ளது. 8,000-க்கு 6,400 குறைவாகையால் பொருத்தம் சரியென்றே தோன்றும்.

இப்போது டிரக் சுமக்கவேண்டியவற்றைக் கூட்டிப் பார்ப்போம்.

நான்கு நபர்கள்: 300 கிலோகிராம்
இணைப்புத் தட்டு: 80 கிலோகிராம்
கருவிகளும் மூட்டைகளும்: 100 கிலோகிராம்
முளை எடை, 6,400-இல் 20 சதவீதம்: 1,280 கிலோகிராம்
மொத்தம்: 1,760 கிலோகிராம்

சுமைத்திறனோ 1,500 தான். டிரெய்லரை இழுக்க யந்திரத்திற்கு வலிமை இருந்தும், அதனைத் தாங்கும் நிலையை டிரக் 260 கிலோகிராம் கடந்துவிட்டது.

ஆகவே கணக்கைத் தலைகீழாகத் தொடங்குதல் நலம். 1,500-இலிருந்து நபர்கள், தட்டு, மூட்டைகள் ஆகியவற்றின் 480 கிலோகிராமைக் கழித்தால் 1,020 மிஞ்சும். இதனை 0.20-ஆல் வகுத்தால் 5,100 கிலோகிராம் கிடைக்கும். இக்குடும்பம் இந்த டிரக்கைக் கொண்டு இழுக்கத்தக்க டிரெய்லரின் உச்ச எடை இதுவே. இக்கணக்கில் டிரெய்லரின் வெற்று எடையைப் பயன்படுத்தலாகாது. அனுமதிக்கப்பட்ட முழு எடையையே கொள்ளவேண்டும். டிரக்கின் சுமைத்திறனை அதன் கதவுத் தூணில் ஒட்டப்பட்டுள்ள சீட்டிற் காணலாம். ஒரே மாதிரி டிரக்குகளிலும் இருக்கை, யந்திரம் முதலியவற்றின் வேறுபாட்டால் இவ்வெண் மாறும். ஆதலால் சொந்த வண்டியின் சீட்டையே நம்பவேண்டும்.

எல்லை கடந்தால் நேர்வது

அளவுக்கு மிஞ்சிய சுமையால் டயரின் பக்கங்கள் ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியாக வளைகின்றன. வளைவினால் வெப்பம் பிறக்கிறது. வெப்பத்தால் ரப்பர் அடுக்குகள் பிரிந்து டயர் வெடிக்கக்கூடும். நெடுஞ்சாலையில், பின்னே ஒரு வீட்டை இழுத்துச் செல்லும் வேளையில் இது நிகழுமாயின், வண்டியிலுள்ளோரின் உயிருக்கே ஆபத்தாகும்.

இறக்கத்தில் தோன்றும் வெப்பமும் சிந்திக்கத்தக்கது. டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து 10,000 கிலோகிராம் எனக் கொண்டால், 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது விடுபடும் சக்தி, 300 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொணரப் போதுமானது. காற்றின் எதிர்ப்பும் உராய்வும் ஈர்த்துக்கொள்வது போக எஞ்சியதை பிரேக்குகளும், தாழ்ந்த கியரில் ஓடும் யந்திரமும் ஏற்கவேண்டும். பிரேக்கை ஓயாது அழுத்திக்கொண்டே இறங்கினால் அது சூடேறித் தன் பிடியை இழக்கும். டிரெய்லரின் சக்கரங்களுக்குத் தனி பிரேக்குகள் அமைவதும், அவை செவ்வனே இயங்குவதும் இன்றியமையாதவை.

திருத்தமும் சரிபார்த்தலும்

டிரக்கின் பின்புறம் தாழ்வதைக் கண்டு சிலர் காற்றுப்பைகளைப் பொருத்துவர். அவை வண்டியை மட்டமாக நிறுத்தும். ஆனால் அச்சு, டயர், பிரேக் ஆகியவற்றின் எல்லையை உயர்த்தமாட்டா. வேறு சிலர் பொருள்களை டிரெய்லரின் பின்கோடிக்கு மாற்றி முளை எடையைக் குறைப்பர். அளவுக்கு மேல் குறைந்தால் டிரெய்லர் நிலைகுலையும். இலகுவான டிரெய்லரைத் தேர்தல், அல்லது பின்னச்சில் நான்கு டயர்கள் கொண்ட கனமான டிரக்கைத் தேர்தல் ஆகிய இரண்டே தக்க வழிகள்.

கணக்கு சரியா என்பதை எடைமேடையில் அறியலாம். குடும்பத்தினர், எரிபொருள், மூட்டைகள் ஆகியவற்றுடன் டிரக்கை மட்டும் முதலில் நிறுக்க வேண்டும். பின்னர் டிரெய்லரை இணைத்து, டிரக்கின் அச்சுக்கள் மட்டும் மேடைமேல் நிற்க மீண்டும் நிறுக்க வேண்டும். மேற்கண்ட உதாரணத்தில் முதல் எடை 3,480, இரண்டாவது 4,760, வேறுபாடாகிய 1,280 கிலோகிராமே உண்மையான முளை எடை. பின்னச்சைத் தனியே நிறுத்து, அதற்குரிய எல்லையுடன் ஒப்பிடுவதும் அவசியம்.

யந்திரத்தின் வலிமையை ஏற்றத்தில் ஓட்டுநர் எளிதில் உணர்வார். அச்சும் டயரும் தம் எல்லையைக் கடந்துவிட்டதையோ ஓட்டும்போது அறிவது அரிது. ஆகையால் டிரெய்லரை வாங்குவதற்கு முன்னரே காகிதத்தில் ஒரு முறையும், பயணம் புறப்படுவதற்கு முன் எடைமேடையில் ஒரு முறையும் இக்கணக்கைச் செய்து பார்த்தல் வேண்டும்.