எண்ணெய் அமுக்க எச்சரிக்கை விளக்கு: மலைநாட்டுக் கமக்காரர் அறிய வேண்டியவை

தலவாக்கலையைச் சூழ்ந்த தோட்டங்களிலும் கிராமங்களிலும் விளையும் கரட், லீக்ஸ், கோவா, பீட்றூட், உருளைக்கிழங்கு ஆகியன லொறிகளிலும் சிறு வான்களிலும் தம்புள்ளைக்கும் கொழும்புப் பக்கத்துச் சந்தைகளுக்கும் செல்கின்றன. கொத்மலை, வலப்பனைப் பள்ளத்தாக்குகளில் நெல் விளைவிப்போருக்கும் வாகனமும் உழவு இயந்திரமும் இன்றியமையாதன. பூச்சி நோயைத் தொடக்கத்திற் கண்டறியாதவன் பாத்தியை இழப்பான். அதுபோலச் சிவப்பு எண்ணெய் விளக்கின் பொருளை அறியாதவன் எஞ்சினை இழப்பான். ஒரு போத்தல் எண்ணெயால் தீரக்கூடிய குறை, அரை மணி நேரக் கவனயீனத்தால் ஒரு போக வருமானத்தையே விழுங்கிவிடக்கூடும்.

1. அமுக்கம் உண்டாகும் முறை

எஞ்சினின் அடியிலுள்ள தொட்டியில் எண்ணெய் தங்குகிறது. அதனைப் பம்பு ஒன்று வலைச்சல்லடை வழியே உறிஞ்சி, வடிகட்டிக்கூடாகச் சிறு துளைப்பாதைகளுக்குத் தள்ளுகிறது. அங்கிருந்து அது கிராங்க் தண்டின் பேரிங்குகளுக்கும், பின்னர் மேலேயுள்ள வால்வுப் பகுதிக்கும் செல்கிறது. தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையிலுள்ள வெளி தலைமயிரின் பருமன் அளவே ஆகும். அந்த இடுக்கில் எண்ணெய்ப் படலம் நிற்கும்வரை உலோகம் உலோகத்தைத் தொடாது.

வாய்க்கால் நீரை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். தலைமதகில் நீர் குறைந்தாலும், இடையில் அடைப்பு நேர்ந்தாலும், வரம்புகள் உடைந்து நீர் வழிந்தாலும் கடைமடை வயல் காயும். எஞ்சினிலும் எண்ணெய் குறைதல், பாதை அடைபடுதல், தேய்ந்த பேரிங்குகளின் வழியே எண்ணெய் மிகையாக ஒழுகுதல் ஆகிய மூன்றுமே அமுக்கக் குறைவின் தலையாய காரணங்களாம். எண்ணெய் நீர்த்துப்போதலும் பம்பு பழுதடைதலும் இவற்றோடு சேரும்.

2. விளக்கு கூறுவது யாது?

சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு எரிந்து, எஞ்சின் தொடங்கிய சில விநாடிகளில் அணைதல் வேண்டும். தொடக்கத்தில் எரியாவிடின் விளக்கோ கம்பியோ பழுதாகும். அதனையும் உடனே திருத்துதல் நன்று, ஏனெனில் ஆபத்து நேரும்போது அறிவிப்பார் எவரும் இரார்.

பெரும்பாலான வாகனங்களில் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 4 முதல் 7 இறாத்தலுக்குக் கீழே இறங்கிய பின்னரே இவ்விளக்கு எரியும். ஓடும் எஞ்சினுக்கு இதனைப் போலப் பல மடங்கு அமுக்கம் தேவை. ஆகவே, விளக்கு எரிதல் முன்னறிவிப்பு அன்று. தீங்கு தொடங்கிவிட்டது என்னும் அறிவிப்பாகும். சில புதிய வாகனங்களிற் காணப்படும் மஞ்சள் நிற எண்ணெய் விளக்கு அளவு குறைவதை மட்டுமே உணர்த்தும். இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

3. விளக்கு எரிந்தவுடன் செய்ய வேண்டியவை

முதலாவதாக, பாதுகாப்பான ஓரத்தில் வாகனத்தை நிறுத்துதல் வேண்டும். நின்ற பின்னரே எஞ்சினை அணைத்தல் வேண்டும். இறக்கத்தில் ஓடும்போதே சாவியைத் திருப்பி அணைத்தால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் துணைவலுவை இழந்து கடினமாகும். ஹட்டன், கினிகத்தேனை வழியாக அவிசாவளை நோக்கி இறங்கும் வளைவுகளில் இது எஞ்சினைவிடப் பெரிய இழப்பை விளைவிக்கும். நின்றதும் கைப் பிரேக்கை இழுத்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தல் வேண்டும்.

இரண்டாவதாக, ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுத்து அளவுக் கம்பியைப் பார்த்தல் வேண்டும். மலைப்பாதையில் இங்கேதான் பலர் தவறுகின்றனர். சரிவில் நிற்கும் வாகனத்தில் எண்ணெய் ஒரு பக்கம் சாய்வதால் கம்பி பொய்யளவு காட்டும். இயன்றவரை சமதரையிற் பார்த்தல் வேண்டும். அளவு கீழ்க்கோட்டின் கீழ் இருந்தால் உரிய எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றி, மீண்டும் அளத்தல் வேண்டும். மேற்கோட்டைத் தாண்டி ஊற்றுதலும் தீது. எண்ணெய் நுரைத்துக் காற்றுக் கலந்து அமுக்கம் குறையும்.

மூன்றாவதாக, வாகனத்தின் அடியில் ஒழுக்கு உண்டா எனப் பார்த்தல் வேண்டும். அண்மையில் எண்ணெய் மாற்றப்பட்டிருப்பின் வடிகட்டியையும் வடிதுளை ஆணியையும் முதலிற் பார்க்க. பழைய வடிகட்டியின் இறப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டியிருக்க, அதன்மேற் புதியது பூட்டப்படுதல் ஒழுக்குக்கு வழக்கமான காரணமாகும்.

எண்ணெய் ஊற்றிய பின் எஞ்சினைத் தொடங்கிச் சில விநாடிகளில் விளக்கு அணையாவிடின் உடனே நிறுத்துதல் வேண்டும். அளவு சரியாயிருந்தும் விளக்கு எரிந்தால் வாகனத்தை இழுத்துச் செல்வதே தக்கது. மரக்கறியை வேறு வாகனத்தில் ஏற்றுவதற்கான கூலி, புது எஞ்சினின் விலையோடு ஒப்பிடுகையில் மிகச் சிறிது.

4. விளக்கு எரியும் வேளையும் நோயும்

(அ) ஏற்றத்திலோ, வளைவிலோ, பிரேக் அழுத்தும்போதோ மட்டும் மினுங்கினால், பெரும்பாலும் எண்ணெய் அளவு குறைவு. தொட்டியில் எண்ணெய் ஒதுங்க, சல்லடை காற்றை உறிஞ்சுகிறது.

(ஆ) குளிர்ந்த எஞ்சினில் அணைந்திருந்து, சூடேறிய பின் வாகனம் நின்று எஞ்சின் மெதுவாக ஓடும்போது மினுங்கி, வேகம் கூட்ட அணைந்தால், எண்ணெய் நீர்த்துள்ளது. அல்லது பேரிங்கோ பம்போ தேய்ந்துள்ளது.

(இ) சீராக ஓடுகையில் திடீரென எரிந்து அணையாதிருந்தால், எண்ணெய் வெளியேறியிருக்கலாம், சல்லடை அடைபட்டிருக்கலாம், பம்பு நின்றிருக்கலாம், அல்லது சுவிச்சோ கம்பியோ பழுதாயிருக்கலாம். எது என்று அறியும்வரை எஞ்சினை ஓட்டலாகாது.

(ஈ) விளக்கோடு எஞ்சினின் அடியிலிருந்து கனத்த தட்டொலி கேட்டால் பேரிங் கெட்டுள்ளது எனக் கொள்ளலாம்.

இரண்டாவது அறிகுறி மலைநாட்டாரை எளிதில் ஏமாற்றும். தலவாக்கலை ஏறத்தாழ 1200 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதன் குளிர்ந்த காலையில் எண்ணெய் தடித்திருப்பதால், தேய்ந்த எஞ்சினிலும் அமுக்கம் நன்றாகவே தோன்றும். பாரத்தோடு தாழ்நாட்டு வெப்பத்துக்கு இறங்கிச் சந்தை வாயிலில் எஞ்சினை ஓடவிட்டு நிற்கும்போது விளக்கு மினுங்கும். ஊருக்குத் திரும்பியதும் மறையும். வெப்பத்தின்மேற் பழிபோட்டு இதனைத் தள்ளிவிடலாகாது. நோய் எஞ்சினுள் முன்னமே உள்ளது. வெப்பம் அதனை வெளிப்படுத்தியது, அவ்வளவே.

5. சுவிச்சின் பழுதா, எஞ்சினின் பழுதா?

ஒற்றைக் கம்பிச் சுவிச் உள்ள பழைய வாகனங்களில், எஞ்சினைத் தொடக்காமற் சாவியை மட்டும் திருப்பி, சுவிச்சிலிருந்து கம்பியைக் கழற்றிப் பார்க்கலாம். விளக்கு தொடர்ந்து எரிந்தால் கம்பி எங்கோ உடலில் உரசுகிறது. விளக்கு அணைந்தால் கம்பி நன்று. பழுது சுவிச்சிலோ அமுக்கத்திலோ உள்ளது. இவ்விரண்டையும் பிரித்தறியச் சுவிச்சைக் கழற்றி, அவ்விடத்தில் அமுக்கமானியைப் பூட்டி அளப்பதே உறுதியான வழி. சூடேறிய எஞ்சினில் நிமிடத்துக்கு 1000 சுற்றுக்கு 10 இறாத்தல் என்பது பொதுவான கணக்கு. வாகனக் கைந்நூல் கூறும் அளவே இறுதியானது. அமுக்கம் சரியாயிருந்தால் சுவிச்சை மாற்றினாற் போதும். மின்னணு உணரி பொருத்திய புதிய வாகனங்களைக் கராஜிற் கணினிக் கருவியாற் சோதித்தல் வேண்டும்.

அளக்காமலே “சுவிச் பழுது” என ஊகித்து ஓட்டுதல் பேராபத்து.

6. அமுக்கம் குறைவாயின்

எளிய செயலிலிருந்து அரியதற்குச் செல்லுதல் முறை. முதலில் உரிய தர எண்ணெயும் புதிய வடிகட்டியும் இட்டு மீண்டும் அளக்க வேண்டும். பல பழைய டீசல் எஞ்சின்களுக்குரிய 15டபிள்யூ-40 என்னும் குறியில், முன்னெண் குளிரிலும் பின்னெண் சூட்டிலும் எண்ணெயின் தடிப்பைக் குறிக்கும்.

வடித்த பழைய எண்ணெயையும் நோக்குக. ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் எரிபொருளோ நீரோ கலந்துள்ளது. எரிபொருள் மணத்தால் தெரியும். நீர் பால்போன்ற நிறத்தால் தெரியும். மினுங்கும் உலோகத் துகள் பேரிங் தேய்வின் சான்று. இவை காணப்படின் தொட்டியைக் கழற்றிச் சல்லடை, அமுக்கம் தணிக்கும் வால்வு, பம்பு, பேரிங் என்னும் வரிசையில் ஆராய்தல் வேண்டும்.

தடித்த எண்ணெயை ஊற்றி விளக்கை அணையச் செய்தல் நோய்க்கு மருந்தன்று. வாகனம் வாங்குவோர் இத்தந்திரத்தைக் கருதி, சூடேறிய எஞ்சினிலேயே விளக்கைப் பார்த்தல் வேண்டும்.

7. கை உழவு இயந்திரம்

ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் சிலவற்றில் விளக்குக்குப் பதிலாகச் சிறு சிவப்புக் காட்டி உண்டு. எஞ்சின் ஓடும்போது அது மேலெழுந்து நிற்க வேண்டும். கீழே இறங்கினால் உடனே நிறுத்துக. சேற்றுழவில் இயந்திரம் சாய்ந்து நிற்குமாதலால், வேலைக்கு முன் சமதரையில் எண்ணெய் அளத்தலை வழக்கமாக்குக.

8. நினைவிற் கொள்க

வாரம் ஒருமுறையும், பாரத்தோடு நெடும்பயணம் புறப்படு முன்னும் எண்ணெயை அளக்க. எண்ணெயையும் வடிகட்டியையும் காலந்தவறாது ஒருங்கே மாற்றுக. மாற்றிய நாளையும் ஓடிய தூரத்தையும் குறித்து வைக்க. சிவப்பு விளக்கு எரிந்தால் நிறுத்துக, அணைக்க, அளக்க. சந்தை நாளையும் கூடும். உருகிய பேரிங்கோடு எவ்வாகனமும் அங்குச் சென்று சேராது.