மொட்டை மாடியில் ஒரு வானாராய்ச்சி நிலையம்

இரவு வானத்தை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். ஆனால் உற்று நோக்குகிறோமா? விண்மீன்களை அறிய விலையுயர்ந்த கருவிகள் வேண்டும் என்பது பலரது எண்ணம். ஒரு சாதாரண பைனாகுலரும், மேகமற்ற இரவும், சிறிது பொறுமையும் போதும். நம் வீட்டு மொட்டை மாடியே வானாராய்ச்சி நிலையமாகிவிடும்.

சில பைனாகுலர்களில் 7 × 50 என்று குறித்திருப்பார்கள். 7 என்பது உருப்பெருக்கம். 50 என்பது முன்புற லென்சின் விட்டம், மில்லிமீட்டரில். இருளில் நம் கண்பாவை ஏறத்தாழ 7 மி.மீ. வரை விரியும். வட்டத்தின் பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகும் அன்றோ? அதன்படி, லென்சு கண்ணைவிடச் சுமார் 50 மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. மங்கிய விண்மீன்களும் புலப்படுவது இதனால்தான்.

முதலில் மாடி விளக்கை அணைத்துவிட்டு, கண்கள் இருளுக்குப் பழக அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். கை நடுங்கினால் காட்சியும் நடுங்கும். ஆதலால் முழங்கைகளைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக் கொள்ளலாம். பாயில் படுத்தும் பார்க்கலாம். சூரியனை மட்டும் பைனாகுலரால் ஒருபோதும் பார்க்கலாகாது. பார்வையே பறிபோகும்!

நிலவைக் காண முழுநிலா நாள் ஏற்றதன்று. அன்று ஒளி நேராக விழுவதால் நிழல்கள் தெரிவதில்லை. வளர்பிறையின் ஏழாம், எட்டாம் நாள்களில், ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லையை நோக்கினால் வட்டப் பள்ளங்களும் மலைகளும் தெளிவாகத் தெரியும்.

ஜனவரி மாத முன்னிரவில் நம் முன்னோர் 'அறுமீன்' என்றழைத்த கார்த்திகை உச்சியில் நிற்கும். வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தோன்றும் அக்கூட்டத்தில், பைனாகுலர் வழியே பல மீன்கள் மின்னும். இன்று நாம் காணும் அதன் ஒளி, ஏறத்தாழ 440 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது!

எல்லாவற்றினும் சுவையானது வியாழன். 1610 ஜனவரி 7 அன்று கலிலியோ தம் தொலைநோக்கியில் வியாழனின் அருகே மூன்று ஒளிப் புள்ளிகளைக் கண்டார். அடுத்தடுத்த இரவுகளில் அவை இடம் மாறின. நான்காவது ஒன்றும் தென்பட்டது. அவை வியாழனைச் சுற்றும் துணைக்கோள்கள் என்று அவர் உணர்ந்தார். வானிலுள்ள யாவும் பூமியையே சுற்றவில்லை என்பதற்கு அது கண்கூடான சான்றாயிற்று.

கலிலியோவின் சிறப்பு கருவியில் மட்டும் இல்லை. ஒருமுறை கண்டதோடு நில்லாமல் மறுநாளும் பார்த்தார். பார்த்ததை உடனே வரைந்து வைத்தார். நாமும் வியாழன் தென்படும் மாதங்களில், பைனாகுலரை அசையாமல் ஊன்றி, ஐந்து இரவுகள் அப்புள்ளிகளை நோட்டுப் புத்தகத்தில் வரைவோம். ஐந்து படங்களையும் ஒப்பிட்டால், பாடநூலில் மனப்பாடம் செய்த ஓர் உண்மை நம் கண்முன்னே நிரூபணமாகும்.

தேர்வுக்காகப் படித்தது மறந்து போகலாம். நாமே கண்டறிந்தது மறப்பதில்லை. பெற்றோரையும் தம்பி தங்கையரையும் உடன் அழைத்து, இன்றிரவே அண்ணாந்து பார்ப்போமா?