கூலியும் காணியும் உழவு இயந்திரமும்

இயந்திரம் வயலுக்குள் வந்தால் ஏழைத் தொழிலாளி வெளியேற வேண்டியதே என்பர் ஒரு சாரார். சிறு காணிகளை ஒன்றாக்கிப் பெருங்கமமாக்கினாலன்றி இயந்திரம் பயன்படாது என்பர் மற்றொரு சாரார். வளர்முக நாடுகளின் வேளாண்மை பற்றிப் பேசுமிடமெல்லாம் இவ்விரு கூற்றுக்களையும் கேட்கின்றோம். இவை எத்துணை உண்மை என்பதை இரு நாடுகளின் அனுபவங்கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் பொருளியல் நூலார் கருத்தை நோக்குவோம். உற்பத்திக் காரணிகளுள் எது அருமையாகி விலையேறுகின்றதோ, அதனைச் சிக்கனப்படுத்தும் வழியிலேயே புத்தாக்கம் செல்லும் என ஆங்கில அறிஞர் ஜோன் ஹிக்ஸ் 1932 இல் எழுதினார். யப்பானியரான ஹயாமியும் அமெரிக்கரான றட்டனும் 1971 இல் வெளியிட்ட நூலில் இதனை வேளாண்மைக்கு விரித்துரைத்தனர். நிலம் மலிந்து ஆள் அருகிய அமெரிக்காவிற் பொறிகள் பெருகின; நிலம் அருகிய யப்பானில் நல்விதையும் உரமும் முதலிடம் பெற்றன. எனவே, கூலி உயர்ந்தபின் இயந்திரம் வருதலே இயல்பான வரிசையாகும்.

அவ்வரிசை பிறழ்ந்தால் நேர்வது யாது? பாக்கிஸ்தானின் பஞ்சாப்பை நோக்குக. அங்கே 1960 களிற் கூலி குறைவாகவேயிருந்தது. எனினும் மலிவான அந்நியச் செலாவணியும் குறைந்த வட்டிக் கடனும் பெரிய உழவு இயந்திரங்களை நிலக்கிழாருக்கு எளிதாக்கின. உலக வங்கிக்காக மக்கினேனி, டொனால்ட்சன் ஆகிய இருவர் செய்த ஆய்வு 1975 இல் வெளிவந்தது. இயந்திரம் பெற்ற கமங்களின் சராசரிப் பரப்பு இரு மடங்குக்கும் மேலாக விரிந்திருந்தது. ஏக்கரொன்றுக்கான மனித உழைப்பு ஏறத்தாழ 40 வீதம் குறைந்திருந்தது. வாரக்குடிகள் பலர் நிலமிழந்தனர். விளைச்சலோ குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. மக்களை வெளியேற்றியது இரும்பன்று. பொய்யாக மலிவாக்கப்பட்ட மூலதனமே என்க.

இனி வங்காளதேசத்தை நோக்குவோம். அங்கே கமமொன்றின் சராசரிப் பரப்பு ஒரு ஹெக்டேயரிலும் குறைவு. 1988 ஆம் ஆண்டின் வெள்ளமும் புயலும் உழவுமாடுகள் பலவற்றை அழித்தன. அதன்பின் அரசாங்கம் இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்த, சீனாவிலிருந்து இரு சக்கர உழவு இயந்திரங்கள் பெருந்தொகையாக வந்தன. ஒருவர் வாங்கித் தம் வயலை உழுதபின், அயலாரின் வயல்களைக் கூலிக்கு உழுதார். இன்று அந்நாட்டு உழவின் பத்தில் எட்டுப் பங்குக்கு மேற்பட்டது இயந்திரத்தாலேயே நிகழ்கின்றது. காணிகளோ சிறியனவாகவே உள்ளன. இயந்திரத்தைப் பங்கிட இயலாது. அதன் உழைப்பைப் பங்கிடலாம். இவ்வுண்மையை அவ்வுழவர் நடைமுறையிற் காட்டினர்.

அவ்வியந்திரம் பெரும்பாலும் எருதுக்கே மாற்றாயிற்று, ஆளுக்கன்று. பின்னர் ஆடைத் தொழிற்சாலைகளும் வெளிநாட்டு வேலைகளும் ஆட்களை ஈர்க்க, 2000 களின் பிற்பகுதியிற் கிராமக் கூலி நன்கு உயர்ந்தது. அறுவடைப் பொறிகளின் தேவை அதன்பின்னரே வலுத்தது.

எனினும் அந்நாட்டிலும் இழந்தோர் உளர். காலால் மிதித்து நெற்குற்றிக் கூலி பெற்ற ஏழைப் பெண்கள், நெல்லாலைகள் பெருகியதும் அவ்வருவாயை இழந்தனர். அவர்தம் உழைப்பு மலிவாயிருந்தும் பொறி அதனினும் மலிவாயிற்று. ஆதலின், வேலை இழப்பவர் எவர், அவர்க்கு வேறு பிழைப்பு உண்டா என்று வினவாத இயந்திரக் கொள்கை குறையுடையதே.

நம் நாட்டிலும் ‘லாண்ட்மாஸ்டர்’ என்று உழவர் அழைக்கும் இரு சக்கரப் பொறி வயல்களிற் பழகிய ஒன்றே. பொருளியல் பயிலும் மாணவர் புதிய பொறியொன்றைக் காணும்போது மூன்று வினாக்களை எழுப்புவாராக: இஃது எதற்கு மாற்றாகின்றது? கூலி உயர்ந்தபின் வந்ததா, மானியத்தால் முந்தி வந்ததா? சிறு கமக்காரன் இதனை வாடகைக்குப் பெற முடியுமா? இவற்றின் விடைகளைக்கொண்டே பொறியின் நன்மை தீமைகளைத் துணிதல் வேண்டும்.